பிள்ளை பெற்ற உடம்பும் மனமும்: யாழ்ப்பாணத்துப் புதுத் தாய்மாருக்கு ஒரு முழு வழிகாட்டி

பிள்ளை பிறந்த வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பிள்ளையைப் பார்ப்பார்கள், அடுத்ததாகத் தாயின் உடம்பைப் பார்ப்பார்கள். "நல்லா ஊதிப்போனாய் பிள்ளை", "என்ன இப்பிடிக் கறுத்துப்போனாய்", "வயிறு இன்னும் இறங்கேல்லையே, உள்ளுக்கை இன்னொண்டு இருக்கோ?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். சொன்னவருக்குப் படலையைத் தாண்டும்போதே அது மறந்துவிடும். கேட்டவள் இரவு இரண்டு மணிக்குப் பால் கொடுத்துக்கொண்டு அதையே யோசித்துக்கொண்டிருப்பாள்.

இதைக் கவனமாக எழுத வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊரில் பிள்ளை பெற்ற பெண் "எனக்கு மனம் சரியில்லை" என்று வாய் திறந்து சொல்வது கஷ்டம், "பிள்ளை கிடைச்சிருக்கு, உனக்கு என்ன குறை" என்று உடனே வாயை அடைத்துவிடுவார்கள். ஆனால் "நான் குண்டாகிட்டன், என்னைப் பார்க்க எனக்கே பிடிக்கேல்லை" என்று சொல்லலாம், அதை யாரும் தடுப்பதில்லை. அதனால் பல பெண்கள் உடம்பைப் பற்றிக் கதைத்துத்தான் தங்கள் மனதைப் பற்றிச் சொல்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர்களோ உடம்புக்கு மட்டும் வைத்தியம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கீழே உள்ள படிகளை இந்த ஒழுங்கில்தான் செய்ய வேண்டும் என்றில்லை, ஆனால் ஆறாவது படியை மட்டும் தயவுசெய்து தவறவிடாதீர்கள்.

1. உடம்பில் இப்போது என்ன நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

சாதாரண எடையோடு இருந்த ஒரு பெண்ணுக்குக் கர்ப்ப காலத்தில் 11.5 முதல் 16 கிலோ வரை கூடுவது இயல்பு. பிரசவத்தோடு பிள்ளை, நச்சுக்கொடி, நீர் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 5, 6 கிலோ இறங்கும். மிச்சம் இருப்பதில் ஒரு பகுதி உடம்பில் தேங்கிய நீர், அது அடுத்த நாட்களில் போகும். இன்னொரு பகுதி கொழுப்பு, அது பால் கொடுப்பதற்காக உடம்பு சேர்த்து வைத்தது.

பிள்ளை பிறந்த உடனே கருப்பை கிட்டத்தட்ட 1 கிலோ எடை இருக்கும். அது 100 கிராமுக்கும் குறைவாகச் சுருங்குவதற்கு 6 கிழமை எடுக்கும், அதாவது 42 நாள். எங்கள் வீடுகளில் துடக்குக் கழிவு நடப்பது 31ஆம் நாள். உறவு எல்லாம் கூடுகிற, போட்டோ எடுக்கிற, சீலை உடுத்துகிற அந்த நாளில் உங்கள் கருப்பையே இன்னும் சுருங்கி முடியவில்லை. அன்றைக்கு வயிறு தள்ளிக்கொண்டு நிற்பதில் ஒரு பிழையும் இல்லை, அது அப்படித்தான் நிற்கும்.

வயிற்றின் நடுவில் இருக்கும் இரண்டு தசைகளும் கர்ப்பத்தில் விலகிக்கொடுத்திருக்கும், பலருக்கு அது பழைய இடத்துக்கு வர மாதங்கள் ஆகும். மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்கும்போது வயிற்றின் நடுவில் ஒரு மேடு எழும்பினால், இரண்டு மாதம் கழித்தும் அது அப்படியே இருந்தால், கிளினிக்கில் காட்டுங்கள். அதற்குப் பயிற்சி இருக்கிறது, பட்டினி கிடந்து அது மாறாது.

தலைமயிர் மூன்றாம் மாதமளவில் கொத்துக் கொத்தாகக் கொட்டத் தொடங்கும். குளியலறை வடிகாலில் அதைப் பார்த்துப் பயந்து அழுத பெண்களை எனக்குத் தெரியும். கர்ப்ப காலத்தில் ஹோர்மோன் காரணமாகக் கொட்டாமல் நின்ற மயிர்தான் இப்போது மொத்தமாகக் கொட்டுகிறது, ஒரு வருடத்துக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். கழுத்து, கன்னம் கறுப்பதும், வயிற்றுக் கோடும் மெல்ல மெல்ல மங்கும். வயிற்றுத் தோலில் விழுந்த வரிகள் முழுதாக மறையாது, நிறம் மட்டும் வெளிறும், எந்த எண்ணெயும் அதை அழிக்கப்போவதில்லை. வெள்ளையாக்கும் கிறீம் மட்டும் வேண்டவே வேண்டாம். கண்டபடி விற்கிற கிறீம்களில் பாதரசமோ ஸ்டீராய்டோ கலந்திருக்கலாம், பிள்ளையின் முகம் நாள் முழுக்க உங்கள் கன்னத்திலும் கழுத்திலும்தான் உரசிக்கொண்டிருக்கிறது.

2. சொல்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள்

சொல்கிற எல்லாரும் ஒரே ஆட்கள் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை காண்கிற அன்ரிக்கு ஒரு பதில், தினமும் ஒரே குசினியில் நிற்கிற மாமிக்கு வேறு பதில். எங்கள் ஆட்களில் பலருக்கு உடம்பைப் பற்றிச் சொல்வதுதான் சுகம் விசாரிக்கிற முறை, கெட்ட எண்ணம் இல்லை. எண்ணம் கெட்டதில்லை என்பதால் நோகாது என்று ஆகிவிடாது, அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

தூரத்து ஆட்களுக்குக் கதையை மாற்றிவிடுவது போதும். "ஓம் அன்ரி, அது மெல்ல மெல்லக் குறையும். இவன் சிரிக்கத் தொடங்கியிட்டான், பாருங்கோ" என்று பிள்ளையைத் திருப்பிக் காட்டினால் தொண்ணூறு வீதம் அங்கேயே முடிந்துவிடும்.

வீட்டில் இருப்பவர்களிடம் உண்மையைச் சொல்வது நல்லது, கோபம் வந்த நேரத்தில் வேண்டாம், மனம் கொஞ்சம் ஆறி இருக்கும்போது. "மாமி, நீங்கள் என்ரை நல்லதுக்குத்தான் சொல்லுறியள், விளங்குது. ஆனால் அதைக் கேக்கேக்கை எனக்கு அழுகை வருது. கொஞ்ச நாளைக்கு என்ரை உடம்பைப் பற்றிக் கதைக்காமல் இருப்பமே" என்று சொன்னால் மாமிக்கும் அது ஒரு புது விஷயமாக இருக்கும். அவரையும் அந்தக் காலத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அப்புறம், ஒரே வாயிலிருந்து இரண்டு எதிர்க் கதைகள் வருவதைக் கவனித்திருப்பீர்கள். இளைக்கவில்லை என்றால் "ஊதிப்போனாய்", இளைத்தால் "மெலிஞ்சு போனாய், பிள்ளைக்குப் பால் காணுமோ?" முதல் நாள் சுறா வறையும் நல்லெண்ணெயும் அள்ளி வைத்தவரே அடுத்த நாள் இடுப்பைப் பார்த்துக் கதை சொல்வார். இரண்டையும் ஒருசேரத் திருப்திப்படுத்த எந்த உடம்பாலும் முடியாது. இது விளங்கினால், உங்களில்தான் குறை என்ற நினைப்புக் கொஞ்சம் தளரும்.

3. போனையும் போட்டோவையும் உங்கள் கைக்குள் கொண்டுவாருங்கள்

யாழ்ப்பாணத்தில் பிள்ளை பிறந்தால் பாதிக் குடும்பம் கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருந்துதான் பார்க்கிறது. அம்மாவின் கையில் போன், வட்ஸ்அப்பில் சின்னம்மா, "பிள்ளையைக் காட்டு, பிள்ளையைக் காட்டு." கை சற்றுச் சரிகிறது, பிள்ளைக்குப் பதிலாக நீங்கள் திரைக்குள் வருகிறீர்கள், எண்ணெய் வழிந்த தலை, பால் பட்ட நைட்டி, கீழே இருந்து பிடித்தபடியால் நாடி இரண்டாகத் தெரிகிறது, "ஐயோ, இது ஆர், எங்கடை பிள்ளையோ?" என்ற சத்தம் ஸ்பீக்கரில் வீடு முழுக்கக் கேட்கிறது. இதைத் தடுக்கலாம். நீங்கள் பால் கொடுக்கும்போதும் படுத்திருக்கும்போதும் வீடியோ கோல் இல்லை என்று வீட்டில் ஒரு முடிவு எடுங்கள். போனைப் பிடிக்கிறவர் பிள்ளையை வேறு அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டட்டும். உங்கள் படத்தை உங்களைக் கேட்காமல் குடும்பக் குரூப்பில் போடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இன்ஸ்டாகிராமிலும் டிக்டொக்கிலும் பிள்ளை பெற்று ஒரு மாதத்தில் தட்டை வயிற்றோடு ஆடுகிறவர்களைப் பார்த்தால், அன்ஃபலோ பண்ணுங்கள். அவர்களுக்குப் பின்னால் இருக்கும் சமையல்காரரும் பிள்ளை பார்க்கிறவரும் ஃபில்டரும் படத்தில் வருவதில்லை. இரவுப் பால் கொடுக்கும்போதுதான் இதெல்லாம் அதிகம் கண்ணில் படும், அந்த நேரத்தில்தான் மனமும் மிகவும் தளர்ந்திருக்கும், அதனால் இரவில் போனுக்குப் பதிலாக ரேடியோவோ பாட்டோ நல்லது.

ஆனால் பிள்ளையோடு உங்களுக்கும் நாலு படம் எடுத்து வையுங்கள். ஒருவருக்கும் அனுப்ப வேண்டாம், போனில் இருக்கட்டும்.

4. சாப்பாடு, பத்தியம், வயிறு கட்டுதல்

முதலில் பிரச்சினை இல்லாதவற்றைச் சொல்கிறேன். மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள், உள்ளி அரைத்த சரக்குக் கறி நல்ல சாப்பாடு. சின்ன மீன், முட்டை, முருங்கையிலை எல்லாம் உடம்புக்குத் தேவை. வேதுத் தண்ணியில் குளிப்பது உளைவுக்கு இதமாக இருக்கும். சீசர் செய்தவர்கள் மட்டும் காயத்தில் கொதிதண்ணியை அடித்து ஊற்ற விடக் கூடாது, இளஞ்சூடு போதும், பிறகு காயத்தை ஈரம் இல்லாமல் ஒற்றி எடுக்க வேண்டும். இந்தப் பராமரிப்பில் இருக்கிற அன்பை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன், ஒருவர் எழும்பி உங்களுக்காக இலை ஒடித்து அவித்துத் தருகிறார்.

பிரச்சினை எங்கே என்றால், தண்ணி குடித்தால் வயிறு வைக்கும், பழம் தின்றால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும், மரக்கறி கூடாது என்று வெட்டிக்கொண்டே போகும்போது. பால் கொடுக்கிற உடம்புக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 கலோரி மேலதிகமாகத் தேவை, தாகத்துக்குத் தண்ணியும் தேவை. தண்ணியைக் குறைத்தால் மலச்சிக்கல், தலையிடி, சோர்வு வரும், வயிறு குறையாது.

இதற்கு எதிர்ப்பக்கம் இருப்பவர்கள், "நல்லூர்த் திருவிழாவுக்கு முன்னம் இளைக்க வேணும்", "மச்சாளின்ரை கலியாணத்துக்கு அந்தச் சீலை உடுக்க வேணும்" என்று ஒரு நேரச் சாப்பாட்டோடு நாளை ஓட்டுகிறவர்கள். எடையைக் குறைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பால் நன்றாக இறங்கி, பிள்ளையின் எடை கூடிக்கொண்டு வந்தால், இரண்டு மாதத்துக்குப் பிறகு கிழமைக்கு அரைக் கிலோ அளவில் இறங்குவதில் பாலுக்கு ஒரு பாதிப்பும் இல்லை. சீனித் தேத்தண்ணியையும் பிஸ்கட்டையும் குறைத்து, சோற்றைக் கொஞ்சம் குறைத்துக் கறியைக் கூட்டினாலே அது நடக்கும். கிளினிக்கில் திரிபோஷா சத்துமா தந்தால் வீட்டில் எல்லாருக்கும் உருண்டை பிடித்துக் கொடுக்காமல் நீங்கள் சாப்பிடுங்கள், அது உங்கள் கணக்கில் தந்தது. மெலிய வைக்கும் பவுடர், தேத்தண்ணி, குளிசை எதையும் பால் கொடுக்கிற காலத்தில் தொடாதீர்கள்.

வயிறு கட்டுவது இடுப்புக்கு ஒரு பிடிமானம் தரும், சீசர் செய்தவர்களுக்கு எழும்பி நடக்க உதவும். அது கொழுப்பையும் கருப்பையையும் குறைக்காது. மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினால் அழுத்தம் கீழே இறங்கும், ஏற்கெனவே தளர்ந்திருக்கிற அடித்தசைகளுக்கு அது கூடாது. கட்டினால் இரண்டு விரல் உள்ளே போக வேண்டும்.

சாப்பிட்டதை வேண்டுமென்று சத்தி எடுப்பது, ஒளித்துச் சாப்பிடுவது, ஒரு நாளில் பலமுறை எடை பார்ப்பது, கண்ணாடியை மூடி வைப்பது, அறை இருட்டாக இல்லாவிட்டால் உடுப்பு மாற்ற முடியாமல் இருப்பது, இவை வந்தால் இது சாப்பாட்டுப் பிரச்சினை இல்லை. நேரே ஆறாவது படிக்குப் போங்கள்.

5. உடுப்பும் அசைவும்

பழைய பிளவுஸைப் போட்டுப் பார்க்காதீர்கள். கை மேலே ஏறாமல் முழங்கைக்கு மேல் இறுகி நிற்கிற அந்த நிமிடம் ஒரு முழு நாளையும் கெடுத்துவிடும். கலியாணத்துக்கு முந்திய அளவு உடுப்புகளை ஒரு பையில் கட்டி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, இன்றைய அளவுக்கு இரண்டு நல்ல சட்டை வாங்குங்கள், முன்பக்கம் திறக்கிறதாக, உங்களுக்குப் பிடித்த நிறத்தில். துடக்குக் கழிவுக்குச் சீலை உடுக்க வேண்டும் என்றால் தையல்கடையில் கொடுத்து உள்ளே மடித்துத் தைத்திருக்கும் துணியை இளக்கச் சொல்லுங்கள், சின்ன வேலைதான். பழைய பிளவுஸ் தேவை என்றால் அளவெடுக்க மட்டும் பயன்படட்டும்.

அசைவு என்றால் முதலில் நடைதான். சுகப்பிரசவம் என்றால் சில நாளிலேயே முற்றத்தில் மெல்ல நடக்கலாம், சிறுநீரை அடக்குகிற மாதிரி அடித்தசையை இறுக்கி விடுகிற பயிற்சியும் செய்யலாம். சீசர் என்றால் 6 கிழமைக்குப் பிள்ளையை விடப் பாரமான எதையும் தூக்க வேண்டாம், வயிற்றுப் பயிற்சியும் வேண்டாம், கிணற்றில் தண்ணி அள்ளவே வேண்டாம். பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு ஒழுங்கையில் பிள்ளையோடு நாலு வீடு தள்ளிப் போய் வருவது எடைக்காக இல்லை, அறைக்குள்ளேயே கிடந்தால் யோசனை பெருகும் என்பதற்காக. துடக்கு நாட்களில் வெளியே விடமாட்டார்கள் என்றால் விறாந்தையில் வெளிச்சம் படுகிற இடத்தில் இருங்கள்.

6. மனதைப் பாருங்கள்

பிள்ளை பிறந்து இரண்டாம் மூன்றாம் நாளில் காரணமே இல்லாமல் அழுகை வரும், எரிச்சல் வரும், பிறகு சிரிப்பும் வரும். பெரும்பாலான தாய்மாருக்கு இது வருகிறது, ஹோர்மோன் சட்டென்று இறங்குவதும் நித்திரை இல்லாததும் சேர்ந்து செய்கிற வேலை. இரண்டு கிழமைக்குள் தானாக அடங்கும். தூங்க விட்டு, சாப்பாடு கொடுத்து, பக்கத்தில் இருந்தால் போதும்.

இரண்டு கிழமை தாண்டியும் நிற்கிறது என்றால் வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பிள்ளை பெற்ற பெண்களில் ஏறக்குறைய 13 வீதம் பேருக்கு ஒரு மனநலப் பிரச்சினை, முக்கியமாக மனச்சோர்வு, வருகிறது. எங்கள் நாடு போன்ற இடங்களில் இது 20 வீதத்துக்குக் கிட்டவாக இருக்கிறது. உங்கள் ஒழுங்கையில் இந்த வருடம் பிள்ளை பெற்ற ஐந்து பேரில் ஒருவர் என்று நினைத்துப் பாருங்கள்.

எங்கள் பெண்கள் அதை மனச்சோர்வு என்று சொல்வதில்லை. "ஒரே யோசனையாக இருக்கு", "நெஞ்சு படபடக்குது", "கைகால் உளைவு", "தலையிடி விட மாட்டேங்குது" என்பார்கள். பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வராது. முன்பு பிடித்த எதிலும் மனம் போகாது. பிள்ளையைத் தூக்கும்போது ஒன்றும் தோன்றவில்லை என்று உள்ளுக்குள் பயப்படுவார்கள். "நான் நல்ல தாய் இல்லை" என்ற நினைப்பு வரும். இதோடு உடம்பைப் பற்றிய அருவருப்பும் வந்து ஒட்டிக்கொள்ளும்: "இவர் என்னைப் பார்க்கிறதே இல்லை, நான் இப்பிடி வந்திட்டன்." யுத்தத்தில் தாயை இழந்தவர்கள், புருஷன் வெளிநாட்டில் இருப்பவர்கள், வீட்டில் அடி உதை உள்ளவர்கள், முன்பு மனச்சோர்வு வந்தவர்கள், பிள்ளையைத் தீவிர சிகிச்சையில் விட்டுவிட்டு வந்தவர்கள், இவர்களைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

பிரசவத்துக்குப் பிறகான மனச்சோர்வைக் கண்டுபிடிக்க 1987இல் ஸ்கொட்லாந்தில் உருவாக்கிய எடின்பரோ அளவுகோல் என்ற 10 கேள்விகள் இருக்கின்றன, இலங்கையிலும் தமிழில் பயன்படுத்துகிறார்கள். கடந்த 7 நாட்களில் சிரிக்க முடிந்ததா, தேவையில்லாமல் உங்களையே குறை சொன்னீர்களா, காரணமில்லாமல் பயந்தீர்களா, உங்களுக்கு நீங்களே தீங்கு செய்யும் எண்ணம் வந்ததா என்று கேட்கும். அந்தப் பத்தில் ஒன்றுகூட உடம்பைப் பற்றிக் கேட்பதில்லை. ஆகவே உங்களை வதைப்பது அதுதான் என்றால், கேட்பார்கள் என்று காத்திருக்காமல் மிட்வைஃபிடமோ டொக்டரிடமோ நீங்களாகவே சொல்ல வேண்டும்: "மிஸ், என்ரை உடம்பை நினைச்சு நினைச்சு எனக்குச் சாப்பிடவும் ஏலாமல் கிடக்கு."

இதில் கடைசிக் கேள்விக்கு "சில நேரம்" என்ற பதில் வந்தாலும் அன்றைக்கே உதவி தேவை. பிள்ளைக்கோ தனக்கோ தீங்கு செய்யும் எண்ணம், யாரோ கதைப்பது கேட்பது, பிள்ளை தன்னுடையது இல்லை என்று சொல்வது, நாட்கணக்கில் தூங்காமல் வேகவேகமாகக் கதைத்துக்கொண்டிருப்பது, இவற்றில் எது வந்தாலும் அவசரம். யாரோ கதைப்பது கேட்கிற மாதிரியான கடும் நோய் பெரும்பாலும் முதல் இரண்டு கிழமைக்குள் வரும், ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் வரும். தாயையும் பிள்ளையையும் ஒரு நிமிடமும் தனியே விடாமல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், வாகனம் இல்லை என்றால் 1990 இலவச அம்புலன்ஸ். நாவூறு பட்டிருக்கு, ஏதோ பிடிச்சிருக்கு என்று நூல் கட்ட விரும்பினால் கட்டுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் கட்டுங்கள்.

7. எங்கே போவது, யாரிடம் சொல்வது

உங்களுக்கு மிகக் கிட்ட இருப்பவர் குடும்பநல உத்தியோகத்தர், நாங்கள் மிட்வைஃப் என்கிறவர். முதல் 10 நாளுக்குள் இரண்டு முறை, பிறகு 42 நாள் வரைக்கும் இன்னும் இரண்டு முறை வீட்டுக்கு வர வேண்டியது அவரது கடமை. அவர் வரும்போது மாமி, பெரியம்மா எல்லாம் சுற்றி இருந்தால் ஒன்றும் கதைக்க முடியாது. "மிஸ், காயத்தை ஒருக்கால் பாருங்கோ" என்று அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்துங்கள். அல்லது அவரது போன் நம்பரை வாங்கி வைத்துப் பிறகு எடுங்கள்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பிள்ளையைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோகிற கிளினிக்கிலோ டொக்டரிடம் சொல்லலாம். இரத்தம் குறைவாக இருக்கிறதா, தைரொயிட் சரியா என்று பார்க்கக் கேளுங்கள், பிள்ளை பெற்ற பிறகு தைரொயிட் குழம்பினால் எடையும் கூடும், சோர்வும் வரும், மனமும் சோரும். யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன, அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் காசு இல்லை. தெரிந்தவர் கண்டுவிடுவார் என்று பயமா, பிள்ளையைக் காட்ட வந்தேன் என்று சொல்லுங்கள். வீட்டைவிட்டு வெளிக்கிட முடியாவிட்டால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926க்கு எந்த நேரமும் எடுக்கலாம், ஆலோசனைக்கு 1333 இருக்கிறது. வீட்டில் அடி விழுகிறது என்றால் 1938.

8. வீட்டில் இருப்பவர்களுக்கு

புருஷன்மாருக்கு: "நீ வடிவாத்தான் இருக்கிறாய்" என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்ப்பது உதவாது. இரவில் ஒருமுறை பிள்ளையைத் தூக்கி ஏவறை விட வைத்து, துணி மாற்றி, அவள் தொடர்ந்து நாலு மணித்தியாலம் தூங்க வழி செய்யுங்கள், நித்திரை மனதுக்கு மருந்துக்குச் சமம். உங்கள் பக்கத்துச் சொந்தம் அவள் உடம்பைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால், அவள் பதில் சொல்வதற்கு முன்பு நீங்கள் சொல்லுங்கள்: "பெரியம்மா, அதை விடுங்கோ, அவளுக்கு அது மனக்கஷ்டம்." உங்கள் வாயிலிருந்து வந்தால்தான் அது எடுபடும்.

அம்மாமாருக்கும் மாமிமாருக்கும் ஒரு வேண்டுகோள். அவள் "நான் அசிங்கமாகிட்டன்" என்று சொன்னால் கொள்ளு அவித்துக் கொடுக்க ஓடாமல் பக்கத்தில் இருந்து "நித்திரை வருதோ? சாப்பிட மனம் வருதோ? என்ன யோசனை?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை ஒன்றும் சொல்லாமல் இருங்கள்.

9. வைத்தியம் தொடங்கிய பிறகு

பலருக்குக் கதைத்து ஆற்றுகிற ஆலோசனையே போதும். டொக்டர் மருந்து எழுதினால் பால் கொடுப்பதைச் சொல்லுங்கள், செர்ட்ரலின் போன்ற மருந்துகள் பாலுக்குள் மிகக் குறைவாகவே போகும், பால் நிறுத்தத் தேவையில்லாமல் எடுக்கலாம். மாற்றம் தெரிய இரண்டு முதல் நாலு கிழமை வரை எடுக்கும், அதற்குள் "இது வேலை செய்யேல்லை" என்று விட்டுவிடாதீர்கள். சுகமாகிய பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள், யார் என்ன சொன்னாலும் டொக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். ஒருமுறை வந்தவர்களுக்கு அடுத்த பிரசவத்திலும் வர வாய்ப்புக் கூட, ஆகவே அடுத்த பிள்ளை தங்கியதும் முதல் கிளினிக்கிலேயே இதைச் சொல்லி உங்கள் கர்ப்பகாலப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள், அப்போது பிரசவத்துக்கு முதலே உங்களைக் கவனிக்கத் தொடங்குவார்கள்.